மருந்தடிப்பும் சுகரும்: நம்ம குடும்பக் குழு

கவிதா: பல வருஷமா வயல்ல பூச்சி மருந்தடிக்கிறவங்களுக்கு சுகர் வர்றதுல அந்த மருந்துக்கும் பங்கு இருக்கலாம். அமெரிக்காவுல அயோவா, வடக்கு கரோலினாவுல லைசென்ஸ் வச்சு மருந்தடிக்கிற 30,000 பேருக்கு மேல ஆராய்ஞ்சு 2008ல வெளியிட்டாங்க. ஆயுசுல 100 நாளுக்கு மேல ஹெப்டாகுளோர்ங்கிற குளோரின் வகை பூச்சி மருந்து அடிச்சவங்களுக்கு, அதைத் தொடாதவங்களவிட சுகர் வர்ற வாய்ப்பு 94% கூட.

அருள்: அது எப்பவோ தடை பண்ண மருந்தாச்சே அக்கா?

கவிதா: அதே ஆராய்ச்சியில சுகரோட தொடர்பு தெரிஞ்ச மருந்துப் பட்டியல்ல டைகுளோர்வாஸும் இருக்கு அருள். அதுவும் இந்தியாவுல 2020 கடைசியோட தடை ஆயிடுச்சு, ஆனா அது ஆர்கனோபாஸ்பேட்ங்கிற பாஸ்பரஸ் வகை, அந்த வகையில வேற மருந்துகள் இன்னும் இருக்கு. குளோரின் வகை உடம்புக் கொழுப்புல வருஷக்கணக்கா தங்கும். ஆர்கனோபாஸ்பேட் சில நாள்ல வெளியேறிடும், ஆனா திரும்பத் திரும்ப உள்ள போகுது. 2017ல மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல எலிகளுக்கு 180 நாள் மோனோகுரோட்டோபாஸ்ங்கிற ஆர்கனோபாஸ்பேட் மருந்தைக் கொடுத்துப் பார்த்தாங்க. குடல் பாக்டீரியா அதை உடைச்சு அசிடேட்ங்கிற பொருளா ஆக்குது, கல்லீரல் அதை வச்சு குளுக்கோஸ் தயாரிக்குது. எலியில பார்த்தது இது. மனுஷனுக்கும் இதே வழிதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது.

அருள்: மாஸ்க் போட்டா போதுமா?

மணி சித்தப்பா: போதாதுப்பா. வயல்ல பெரும்பாலும் தோல் வழியாத்தான் ஏறுது. பாரத்தியான்ங்கிற பூச்சி மருந்தை வச்சு செஞ்ச பழைய சோதனையில முன்கை ஒரு பங்கு உறிஞ்சினா நெத்தி 4 பங்கு, விரைப்பைத் தோல் கிட்டத்தட்ட 12 பங்கு. டேங்க் மூடி வாஷர் தேஞ்சு முதுகு வழியா இடுப்புக்கு வழியுது பாரு, அதை சாதாரணமா விட்டுடக் கூடாது.

மணி சித்தப்பா: கலக்குற நேரம்தான் ரொம்ப மோசம். 15 லிட்டர் டேங்குக்கு 30 மில்லின்னா 500 மடங்கு நீர்த்துப் போகுது. அப்போ கையில படுற ஒரு சொட்டு மருந்து, டேங்க் தண்ணி 500 சொட்டுக்குச் சமம். உள்ள துணி வைக்காத, நைட்ரைல்ங்கிற செயற்கை ரப்பர் கிளவுஸ் போடணும். துணி கிளவுஸ் மருந்தை உறிஞ்சு தோலோடயே ஒட்ட வச்சிடும். கையைத் தாழ்த்தி அடிச்சா சட்டைக் கை கிளவுஸுக்கு மேல, தூக்கி அடிச்சா உள்ள. இல்லைன்னா வழியிறது நேரா கிளவுஸுக்குள்ள போயிடும். நாசில் அடைச்சா பிரஷ்தான், வாயால ஊதவே கூடாது.

அருள்: மாஸ்க்ல எது?

மணி சித்தப்பா: துணி மாஸ்க் ஆவியை நிறுத்தாது. ஆர்கானிக் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ், அதோட துகள் ஃபில்டர். உள்ள வாடை வந்தா கார்ட்ரிட்ஜ் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

கவிதா: துணியை அன்னைக்கே, வீட்டுத் துணியோட சேர்க்காம துவைங்க. கலக்காத மருந்து கொட்டி ஊறின துணியைத் துவைக்க வேண்டாம், கழிச்சிடுங்க.

அருள்: டெஸ்ட் என்ன எடுக்கணும்?

கவிதா: ரெண்டு தனித்தனி. ஒண்ணு கோலினெஸ்டரேஸ், ஆர்கனோபாஸ்பேட் உடம்புல ஏறினா ரத்தத்துல குறையற என்சைம்: 30 நாள் மருந்து தொடாம இருந்து முதல் அளவு எடுக்கணும். சீசன்ல அதுல 20% குறைஞ்சா எங்க கசியுதுன்னு தேடணும். சிவப்பணுவுல இருக்கிற கோலினெஸ்டரேஸ் 30% குறைஞ்சா மருந்து வேலையை நிறுத்தணும். இது நார்மல்னா சுகர் இல்லைன்னு ஆகாது. அதுக்கு HbA1c, அதாவது ரெண்டு மூணு மாச சராசரி சர்க்கரையைக் காட்டுற டெஸ்ட்: 5.7லருந்து 6.4% வரை எல்லைக்கோடு, 6.5ம் அதுக்கு மேலயும்னா சுகர். ரத்தசோகை இருந்தா இது ஏமாத்தும், வெறும்வயித்து சர்க்கரை அளவும் பாருங்க, அது 126ம் அதுக்கு மேலயும்னா சுகர். ரெண்டுலயும் இன்னொரு தடவை எடுத்துத்தான் உறுதி பண்ணுவாங்க. மருந்து ஏறி மயங்கினவங்களுக்கு சில நாள் சர்க்கரை ஏறும், அதை மட்டும் வச்சு சுகர்னு முடிவு பண்ணக் கூடாது.

மணி சித்தப்பா: டாக்டர்கிட்ட போறப்ப மருந்தடிச்ச நாள் கணக்கை நோட்டுல எழுதிக் கொண்டு போங்க. கம்பெனிப் பேர் வேண்டாம், லேபிள்ல இருக்கிற டெக்னிக்கல் பேர், எத்தனை சதவீதம், வருஷத்துக்கு எத்தனை நாள், உடம்புல எங்க நனைஞ்சுது.

அருள்: இன்னைக்கே எழுத ஆரம்பிக்கிறேன் சித்தப்பா.