மலையேறும்போது ஸ்பீக்கரில் வரும் இரைச்சல்: வழிகாட்ட வேண்டுகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் நான், என் காரின் முன்கதவு ஸ்பீக்கர்களை மாற்றி, டிக்கியில் 10 அங்குல சப்வூஃபரையும் (பேஸ் ஒலிக்கான தனி ஸ்பீக்கர்) நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையரையும் நானே பொருத்தியிருக்கிறேன். வண்டி நிற்கும்போது ஒலி தெளிவாகவே இருக்கிறது. ஆனால் ஏற்காடு அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் ஏறத் தொடங்கியதும், இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து தானும் ஏறுகிற ஓர் ஊளைச் சத்தம் கதவு ஸ்பீக்கர்களில் கேட்கிறது. நாகஸ்வரத்தை நன்றாகக் கேட்பதற்காகவே இத்தனையும் செய்தேன் என்பதால் மனம் ஒப்பவில்லை.

பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குத் தனிக் கேபிள் இழுத்து, அதன் அருகிலேயே ஃபியூஸ் வைத்திருக்கிறேன். ஆம்ப்ளிஃபையரை வண்டியின் உலோக உடலோடு இணைக்கும் கிரவுண்ட் வயரைப் பின்சீட் போல்ட்டில், பெயின்ட்டைச் சுரண்டாமலே முடுக்கிவிட்டேன்; ஆம்ப்ளிஃபையருக்கு ஒலிச் சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயர்களும் பவர் கேபிளும் ஒரே பக்கமாகச் செல்கின்றன. இரண்டுமே தவறு என்று இப்போது தெரிகிறது. இவற்றுள் எதை முதலில் சரிசெய்வது நல்லது? தரைவிரிப்பு முழுவதையும் மீண்டும் கழற்றுவதற்கு முன் கிரவுண்டை மட்டும் மாற்றிப் பார்த்தால் போதுமா?

இன்னொரு சந்தேகமும் உண்டு. சப்வூஃபரில் 4 ஓம் (மின்தடை அளவு) காயில்கள் இரண்டு உள்ளன. பேரலலாக இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும். ஆம்ப்ளிஃபையரோ பிரிட்ஜ் முறையில் (இரண்டு சேனல்களை ஒன்றாக்கி இணைக்கும்போது) 4 ஓமுக்குக் கீழே தாங்காது. எனவே சீரிஸில் 8 ஓமாக இணைத்தேன். பேஸ் சற்றுக் குறைவாக உள்ளது. 2 ஓம் இரட்டைக் காயில் சப்வூஃபர் வாங்கிச் சீரிஸில் 4 ஓமாக்குவதா, 2 ஓம் தாங்கும் மோனோ (ஒரே சேனல்) ஆம்ப்ளிஃபையர் ஒன்றைச் சேர்ப்பதா? இரண்டில் ஒன்றைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.