நானோ துகள் கட்டிக்குள் போவதில் ஒரு சந்தேகம்

வணக்கம் நண்பர்களே. திடமான புற்றுநோய்க் கட்டிகளுக்கு நானோ துகள் (மிக மிகச் சிறிய துகள்) வழியாக மருந்து கொடுப்பது பற்றி வகுப்பில் பேச வேண்டும். ஓரிடத்தில் சிக்கி நிற்கிறேன்.

கட்டியின் ரத்தக் குழாய்ச் சுவரில் இடைவெளி அதிகம், அதனால் பெரிய மூலக்கூறுகள் கசிந்து உள்ளேயே தங்கிவிடும் என்று 1986-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மட்சுமுராவும் மயேடாவும் காட்டினார்கள். சரி. ஆனால் 2016-இல் வந்த தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது) ஒன்று, விலங்குச் சோதனைகளில் செலுத்திய துகள்களில் 0.7 சதவீதம்தான் (நடுமதிப்பு) கட்டியை அடைகிறது என்கிறது! பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. அவற்றின் வேலையே அதுதான், குறை சொல்ல முடியாது.

என் கேள்வி: இந்த உறுப்புகள் எளிதில் பிடிக்காமல் இருக்கத் துகளுக்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் (PEG) என்ற பாலிமர் பூச்சு கொடுத்தும் ஏன் இப்படி? கட்டிக்குள் இருக்கும் திரவ அழுத்தமும் ஒரு தடை என்கிறார்கள். கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்வது, இந்த அழுத்தம், இரண்டில் எது பெரிய சிக்கல்? இந்தத் துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன். கையால் வரைந்த படம் என்றாலும் போதும்.