புதுப்பிப்பு: லாக்அவுட் பிடிக்காத ஃபோர்க் சரியாகிவிட்டது

மவுண்டன் பைக்கின் முன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சியை வாங்கும் பகுதி) கம்ப்ரஷன் குமிழை, அதாவது அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகை, எந்தப் பக்கம் திருப்பினாலும் வித்தியாசம் தெரியவில்லை, லாக்அவுட் (ஃபோர்க் அமுங்காமல் பூட்டும் வசதி) போட்டாலும் சர்ரென்று இறங்குகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காற்றழுத்தத்தைக் கூட்டச் சொன்னவர்கள்தான் அதிகம். கோளாறு அங்கே இல்லை.

ஃபோர்க்கின் இடது காலில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் காற்றை முழுவதும் வெளியேற்றி, லாக்அவுட் போட்டு, கையால் அமுக்கிப் பார்த்தேன். காற்று போய்விட்டால், வலது காலில் ஆயிலை வைத்து அசைவைத் தணிக்கும் டேம்பரின் எதிர்ப்பு மட்டும்தான் கைக்குத் தெரியும். முதல் சில சென்டிமீட்டருக்கு ஒன்றுமே இல்லை, உள்ளே சளக் சளக் என்று சத்தம். அதற்குக் கீழே லேசாகப் பிடித்தது. என் ஃபோர்க் திறந்த ஆயில் வகை, அதாவது டேம்பர் ஆயில் அடைபட்ட தனி உறையில் இல்லாமல் காலுக்குள்ளேயே நிற்கும். வலது காலின் மேலே உள்ள கம்ப்ரஷன் வால்வை ஆயில் எட்டும்வரை எதிர்ப்பு வராது. அதனால் ஆயில் குறைவு என்பது உறுதியாகிவிட்டது.

சரி, குறைந்த ஆயில் எங்கே போனது? ஃபோர்க்கின் கீழ்க்காலை (வெளியே தெரியும் கீழ் உறை) கழற்றியதும் பதில் கிடைத்தது: அளவுக்கு மீறி வழிந்தது. டேம்பர் தண்டின் சீல் தேய்ந்து, ஆயில் கீழே கசிந்திருக்கிறது. மேல் மூடியைத் திறந்தால், கம்ப்ரஷன் வால்வின் ஓ-ரிங்கிலும் (ரப்பர் வளையம்) ஒரு வெட்டு. ஆயில் எட்டிய பிறகும் பிடி லேசாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

இரண்டையும் மாற்றி, கையேட்டில் சொன்ன மட்டத்துக்கு 5 வெயிட் (மெல்லிய வகை) ஆயில் ஊற்றி, காற்றுக் குமிழிகள் வருவது நிற்கும்வரை டேம்பர் தண்டை மெதுவாக மேலும் கீழும் இழுத்தேன். இப்போது லாக்அவுட் கல்லு மாதிரி நிற்கிறது, குமிழின் ஒவ்வொரு க்ளிக்கும் கையில் தெரிகிறது. அப்புறம், கீழ்க்காலுக்கு உயவுக்காகத் தனி ஆயில் ஊற்ற வேண்டும், அது சில மில்லிலிட்டர்தான். வடிந்த பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள்.