ஏழு மாதச் சேவல் பின்னாலிருந்து பாய்கிறது, பெட்டைகளின் முதுகில் இறகு இல்லை: என்ன செய்வது?

கேள்வி

வணக்கம். வீட்டுக் கொல்லையில் ஏழு பெட்டைக்கோழிகளும் இரண்டு சேவல்களும் வளர்க்கிறேன். சேவல்கள் இரண்டும் ஒரே அடையில் பொரித்தவை. ஏழு மாதம் ஆகிறது. குஞ்சாக இருந்தபோது என் கையில் ஏறி நின்று தீவனம் தின்ற பெரிய சேவல், அண்மைக் காலமாக என்மீது பாய்கிறது. எதிரில் நிற்கும் வரை ஒன்றும் செய்வதில்லை. தீவனத்தைக் கொட்டிவிட்டு நான் திரும்பி நடக்கும்போதுதான் ஓடிவந்து இரு கால்களாலும் கெண்டைக்காலில் உதைக்கிறது. சின்னச் சேவல் மனிதர்களிடம் வம்புக்கு வருவதே இல்லை.

இத்துடன், மூன்று பெட்டைகளுக்கு முதுகிலும் பிடரியிலும் இறகு கொட்டித் தோல் தெரிகிறது. அவற்றில் ஒன்றுக்கு இறக்கைக்குக் கீழே கீறலும் இருக்கிறது. இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றா, வெவ்வேறா? வயதுக் கோளாறு என்று பொறுத்திருந்தால் தணிந்துவிடுமா? வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதால் காலம் கடத்த மனமில்லை. விவரம் அறிந்தவர்கள் வழி சொல்லுமாறு வேண்டுகிறேன்.

மறுமொழி 1

முதலில் பெட்டைகளைப் பார்த்துவிடுவோம். காயம் பட்ட கோழிக்குத்தான் அவசரம். சிவந்த புண்ணைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தத் தொடங்கிவிடும் என்பதால், அதை இன்றே தனியாக வைத்து, காயத்தைச் சுத்தமான உப்பு நீரால் கழுவி, ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீறல் ஆழமாக இருந்தாலோ வாடை வீசினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.

இறகு கொட்டுவதற்குச் சேவல்தான் காரணம் என்று பார்த்தவுடன் முடிவு கட்ட வேண்டாம். இறகு மாற்றும் பருவமாக இருந்தால், உதிர்வு தலையிலும் கழுத்திலும் தொடங்கி உடல் முழுவதும் பரவும். உதிர்ந்த இடத்தில் குருத்து இறகுகள் முள்முள்ளாக எழும்பும். பேன், செள் இருந்தால் ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகுகளை விலக்கிப் பார்க்கும்போது பூச்சிகளோ, இறகின் அடித்தண்டில் ஒட்டிய முட்டைக் கொத்துகளோ கண்ணில் படும். முதுகும் பிடரியும் மட்டும் தேய்ந்து, இறகுத் தண்டுகள் பாதியில் முறிந்திருந்தால் அது மிதிப்பினால், அதாவது சேவல் பெட்டையின்மேல் ஏறி இணைவதால் வந்தது. மிதிக்கும்போது சேவல் அலகால் பிடரி இறகைக் கவ்விக்கொண்டு, முதுகின்மேல் கால்களை மாற்றி மாற்றி ஊன்றி நிலைகொள்கிறது. ஏழு மாதத்தில் காலின் பின்புறம் வளரும் கூர்மையான கால் முள் இன்னும் சிறிதாகத்தான் இருக்கும் என்பதால், கீறல் பெரும்பாலும் நகத்தால் நேர்ந்திருக்கும். நக நுனிகளை அரத்தால் மழுக்கிவிடலாம்.

ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் என்பது பொதுவான கணக்கு. உங்களிடம் ஒன்றுக்கு நான்குகூட இல்லை. தவிர, இளஞ்சேவல்கள் இரண்டு இருந்தால், ஒன்று மிதிப்பதைக் கண்ட மற்றொன்று ஓடிவந்து தள்ளிவிட்டுத் தானும் ஏறும். அகப்பட்ட பெட்டைதான் இரட்டிப்பு வதை படுகிறது.

மறுமொழி 2

பாய்ச்சலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான்கு மாதத்திற்கு மேல் சேவலின் உடலில் ஆண் சுரப்பு பெருகுகிறது. கூட்டத்தில் தன் இடம் எது என்பதை அது சோதித்துப் பார்க்கும் காலம் இது. கையிலேயே வளர்ந்த சேவலுக்கு மனிதரிடம் அச்சம் இல்லாததால், உங்களையும் இன்னொரு சேவலாகக் கருதி அளந்து பார்க்கிறது. நீங்கள் முதுகைக் காட்டி நடப்பது அதன் கணக்கில் பின்வாங்கல்.

பாய்வதற்கு முன் அது பெரும்பாலும் அறிகுறி காட்டும். கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொள்ளும். ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசும்படி தாழ்த்தி, நேராக வராமல் பக்கவாட்டில் அடியெடுத்து வட்டமிடும். அல்லது இரை இல்லாத இடத்தில் தரையைக் கொத்துவது போலக் கொத்திக்கொண்டே உங்களை நெருங்கும். பெட்டையைச் சுற்றி ஆடும்போதும் இறக்கையை இப்படித்தான் தாழ்த்தும் என்பதால், பலர் இதைக் கொஞ்சல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்களை நோக்கிச் செய்தால் அது மிரட்டல்தான்.

அந்த நிலையில் ஓடவும் வேண்டாம், உதைக்கவும் வேண்டாம். உதைத்தால் சண்டையை ஏற்றுக்கொண்டதாக எண்ணி இன்னும் வேகமாக வரும். வாளியையோ ஒரு பலகையையோ உங்களுக்கும் அதற்கும் இடையே பிடித்துக்கொண்டு, அது முகத்தைத் திருப்பி அப்பால் போகும் வரை அசையாமல் நில்லுங்கள். பிறகு அதைக் கண்பார்வையில் வைத்தபடியே வெளியேறுங்கள். அதன் கண்ணெதிரில் பெட்டையைப் பிடிக்காதீர்கள். பெட்டை அலறினால் அமைதியான சேவலும் பாயும். மருந்து போடுவது, பேன் பார்ப்பது எல்லாம் இருட்டியபின், கோழிகள் கூட்டில் அடைந்த பிறகு செய்யலாம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. காயம் பட்ட கோழியைப் பிரித்துவிட்டேன். விலக்கிப் பார்த்ததில் பேன் இல்லை. இறகுத் தண்டுகள் முறிந்துதான் இருக்கின்றன. சேவலைத் தரையோடு அழுத்திப் பிடித்து அது அடங்கும் வரை விடக்கூடாது என்று ஒருவர் சொன்னார். இது சரியா? இரண்டில் எதை வைத்துக்கொள்வது? சின்னச் சேவல் புழுவைக் கண்டால் தான் தின்னாமல், அலகால் எடுத்து எடுத்துக் கீழே போட்டுக் குரல் கொடுத்துப் பெட்டைகளை அழைக்கிறது.

மறுமொழி 3

அழுத்திப் பிடிப்பதை நான் வன்மையாக மறுக்கிறேன். பறவைகளுக்கு நம்மைப் போல் உதரவிதானம் (மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே இருந்து மூச்சுக்கு உதவும் தசை) கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் அவற்றால் மூச்சு விட முடியும். மார்பை அழுத்தினால் அது அடங்குவதாக உங்களுக்குத் தோன்றும், உண்மையில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். அப்படியே உங்களுக்கு அடங்கினாலும், அந்த அடக்கம் உங்களோடு முடிந்துவிடும். பிள்ளைகளைக் கண்டால் அது மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். சேவலின் உயரத்திற்குப் பிள்ளையின் முகம் எட்டக்கூடியது என்பதால், அந்தச் சேவல் வெளியே இருக்கும்போது பிள்ளைகளைக் கொல்லைப் பக்கம் விடவே கூடாது.

எதை வைத்துக்கொள்வது என்றால், என் எண்ணம் சின்னச் சேவல்தான். இரையைக் காட்டி அழைப்பதும், வானில் பருந்து தெரிந்தால் ஒரு குரலும் தரையில் நாய் வந்தால் வேறொரு குரலும் கொடுத்து எச்சரிப்பதும் கூட்டத்தைக் காக்கும் சேவலின் குணங்கள். சில இளஞ்சேவல்கள் இரையே இல்லாமல் அழைத்து, வந்த பெட்டையை மிதித்துவிடும். உங்கள் சேவல் உண்மையாகவே இரையை விட்டுக்கொடுக்கிறதா என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சின்னது சாதுவாக இருப்பது அதன் இயல்பாகவும் இருக்கலாம், பெரியது அடக்கி வைத்திருப்பதாலும் இருக்கலாம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒன்றாக வைத்த சேவல்களில் முதலிடத்தில் உள்ளதே விடியலில் முதலில் கூவுகிறது, மற்றவை தத்தம் வரிசைப்படி பின்தொடர்கின்றன, முதல் சேவலை அகற்றினால் இரண்டாவது அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது என்று கண்டார்கள். ஆகவே பெரியதை முதலில் தனிக் கூண்டில் வைத்து, சின்னது தலைமைக்கு வந்தபின் சில வாரங்கள் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முரட்டுக் குணத்தில் பரம்பரைக்கும் பங்கு உண்டு; பெரிய சேவல் மிதித்ததால் கருவான முட்டைகளை அடை வைக்காதீர்கள்.

கேட்டவர்

பெரியதைத் தனியாக அடைத்துவிட்டேன். அடுத்து வரும் முட்டைகளை அடை வைக்கலாமா? சின்னதுதான் தந்தை என்று எப்போது நம்பலாம்?

மறுமொழி 3

பெட்டையின் உடலில் விந்து இரண்டு வாரத்திற்கு மேலும் உயிரோடு தங்கும். மூன்று வாரம் கழித்து இடும் முட்டைகளை அடை வையுங்கள். அதற்கு முன் இட்டவற்றைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தந்தை எது என்பதில் ஐயமே கூடாது என்றால் நான்கு வாரம் பொறுப்பது இன்னும் உறுதி.

மறுமொழி 1

ஒரு சேவல் மட்டும் மேயும் நிலையிலும் ஏழு பெட்டைகள் சற்றுக் குறைவுதான். அதிலும் சேவலுக்குப் பிடித்த ஓரிரு பெட்டைகள்மேலேயே மிதிப்பு குவியும். அந்த மூன்றுக்கும் கெட்டித் துணியில் முதுகுக் கவசம் தைத்துக் கட்டுங்கள்; இறக்கையின் அடியில் உரசுகிறதா என்று தினமும் பாருங்கள். முறிந்த தண்டு உள்ளே இருக்கும் வரை அந்த இடத்தில் புது இறகு வராது. அடுத்த இறகு மாற்றத்தில்தான் முழுதாக மூடும். உங்கள் கெண்டைக்காலில் தோல் கிழிந்திருந்தால் சோப்பு நீரில் நன்றாகக் கழுவி, தடுப்பூசி போட்டு நெடுநாள் ஆகியிருந்தால் இரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.