சர்நேம் கட்டம் தாண்டவில்லை, தம்பி விண்ணப்பம், அவசரம்

முதுநகர்_அக்கா | ஜூன் 24, இரவு 10.52
வணக்கம். தம்பிக்கு வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க விண்ணப்பம் போடுகிறோம். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டால் சிவப்பாகிறது, அடுத்த பக்கம் போக மாட்டேன் என்கிறது. நம்ம ஊரில் யாருக்கு சர்நேம் இருக்கிறது? மார்க் ஷீட் எல்லாவற்றிலும் இனிஷியல்தான். கடலூரில் ஒரு கன்சல்டன்சியில் கேட்டதற்கு, "முதலில் கெசட்டில் பெயர் மாற்ற வேண்டும், நாங்களே முடித்துத் தருகிறோம், 25,000 ஆகும்" என்கிறார்கள். கடைசித் தேதி நெருங்கிவிட்டது. தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

நெய்வேலி_டவுன்ஷிப் | ஜூன் 24, இரவு 11.05
எந்த நாடு? கடைசித் தேதி என்றைக்கு? நேராகப் பல்கலைக்கழகத்தின் தளமா, இல்லை நடுவில் வேறு தளமா? பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது? இது தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது அக்கா.

கெடிலக்கரை | ஜூன் 24, இரவு 11.20
ரொம்ப சுலபம். தம்பி பெயரை சர்நேம் கட்டத்தில் போடுங்கள். முதல் பெயர் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்று மூன்று எழுத்து. முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். என் மச்சான் அமெரிக்கா போனபோது விசா படிவத்தில் இப்படித்தான் போட்டார், ஒரு பிரச்சினையும் வரவில்லை. எல்லா நாட்டுக்கும் இதுதான் வழி.

பழையவன் | ஜூன் 25, காலை 6.10
எல்லா நாட்டுக்கும் அது வழி இல்லை. அமெரிக்க விசா படிவத்தின் ஏற்பாட்டை வேறு நாட்டு விண்ணப்பத்தில் போட்டால், அட்மிஷன் கடிதமே "எஃப்.என்.யூ." என்ற ஆளின் பெயருக்கு வரும்.

முதுநகர்_அக்காவுக்கு: இதே கேள்வி இங்கே மாதம் இரண்டு முறை வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. நாட்டின் பெயரைக்கூட எழுதாமல் "அவசரம்" என்று தலைப்பு வைத்தால் அவசரம் எங்களுக்கா, உங்களுக்கா? பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

முதுநகர்_அக்கா | ஜூன் 25, காலை 8.31
மன்னிக்கவும், நேற்று பதற்றத்தில் எழுதிவிட்டேன். ஜெர்மனி. மெக்கானிக்கல். மூன்று பல்கலைக்கழகம், மூன்றும் யூனி அசிஸ்ட் வழியாக, பல பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை வாங்கிப் பரிசீலிக்கும் தளம் அது. ஜூலை 15 கடைசி. பாஸ்போர்ட் தம்பியிடம் இருக்கிறது, அவன் ஓசூரில் வேலை பார்க்கிறான். வாட்ஸாப்பில் அனுப்பிய ஜெராக்ஸில் அப்பா பெயர் தனியாக ஒரு வரியில் இருக்கிறது, தம்பி பெயரோடு சேர்ந்து இல்லை. அதனால் சர்நேம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

நெய்வேலி_டவுன்ஷிப் | ஜூன் 25, காலை 8.50
அப்பா பெயருக்குக் கீழே அம்மா பெயர், அப்புறம் முகவரி இருக்கிறதா? இருந்தால் நீங்கள் பார்ப்பது கடைசிப் பக்கம். போட்டோ இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

டார்ம்ஸ்டாட்_பண்ருட்டி | ஜூன் 25, பகல் 12.40
அக்கா, நான் பண்ருட்டிக்காரன், இப்போது ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டில் எம்.எஸ். இரண்டாம் ஆண்டு. நெய்வேலி அண்ணன் சொன்னது சரி. போட்டோ பக்கத்தின் அடியில் இரண்டு வரி பார்த்திருப்பீர்கள், பெரிய எழுத்துகளும் இடப்பக்கம் பார்த்த கூர்க்குறிகளுமாக நெருக்கி அடித்திருக்கும். மெஷின் படிக்கும் வரி அது. மேல் வரியில் இந்தியாவைக் குறிக்கும் மூன்றெழுத்தைத் தாண்டியதும் பெயர் தொடங்கும். பெயருக்கு நடுவே அந்தக் குறி இரட்டையாக வந்து, அதற்குப் பிறகு இன்னொரு பெயர் இருந்தால், இரட்டைக்குறிக்கு முன்னால் உள்ளது சர்நேம், பின்னால் உள்ளது சொந்தப் பெயர். தம்பி பெயர் குமரன், அப்பா பெயர் சேகர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் சேகர், பிறகு இரட்டைக்குறி, பிறகு குமரன் என்று இருந்தால் உங்களுக்கு சர்நேம் ஏற்கெனவே இருக்கிறது. பாஸ்போர்ட் எடுத்த அன்று யாரோ அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் நிரப்பியிருப்பார்கள், வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. என் கதையும் அதுதான்.

கெசட் பக்கம் மட்டும் இப்போது போய்விடாதீர்கள். பெயரை மாற்றினால் பாஸ்போர்ட், மார்க் ஷீட், டிகிரி எல்லாம் பழைய பெயரில் நிற்கும், கெசட் மட்டும் புதுப் பெயரில் இருக்கும். இருக்கும் ஒரு முரண்பாட்டோடு இன்னொன்று சேரும்.

கெடிலக்கரை | ஜூன் 25, பகல் 1.15
அப்படியே சர்நேம் இல்லை என்றால்? ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகலாமே?

டார்ம்ஸ்டாட்_பண்ருட்டி | ஜூன் 25, பகல் 1.32
இல்லை என்று உறுதியானால் யூனி அசிஸ்டுக்கே பாஸ்போர்ட் பக்கத்தை இணைத்து எழுதிக் கேட்பதுதான் நல்லது. அவர்கள் சொன்ன பதிலை எடுத்து வைத்துக்கொண்டால் நாளைக்கு விசாவுக்கும் உதவும். ஊகத்தில் புள்ளி, கோடு எதுவும் வேண்டாம். ஆனால் ரொம்ப நாள் காத்திருக்கவும் வேண்டாம், பரிசீலனைக்கே அங்கே நாலு முதல் ஆறு வாரம் எடுக்கிறார்கள். ஆவணத்தில் குறை சொன்னால் திருத்தி அனுப்ப நாள் இருக்காது.

பழையவன் | ஜூன் 25, பகல் 2.05
எல்லோரும் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். ஜெர்மனி என்றால் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும், நம் டிகிரி, மார்க் ஷீட் உண்மையானவை என்று அவர்கள் சரிபார்த்துத் தருவது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். அதற்கு 18,000 ரூபாய் கட்டியிருப்பார்கள். அந்தச் சான்றிதழில் ஒரு பெயர் அச்சாகி இருக்குமே, அதைப் பார்த்தாலே பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும். ஏ.பி.எஸ். இன்னும் வாங்கவே இல்லை என்றால் இந்த ஆண்டை மறந்துவிடலாம். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் விண்ணப்பத்தையே திறக்க வேண்டும்.

நெய்வேலி_டவுன்ஷிப் | ஜூன் 25, பகல் 2.20
கேட்டது சரியான கேள்வி. கேட்ட விதம்தான் வேண்டாம். தம்பியைப் படிக்க வைக்க ஓர் அக்கா ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறார்.

சுப்ரேன்_வீதி | ஜூன் 25, மாலை 5.45
நான் புதுச்சேரி. இவ்வளவு தலைவலி எதற்கு? கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இங்கே வந்துவிடலாம். அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, பிரெஞ்சு துணைத் தூதரகமே இருக்கிறது. விசாவுக்கு ஜெர்மனி முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்டச் சொல்கிறது. பிரான்ஸில் மாதம் 615 யூரோ கணக்குதான், ஆண்டுக்கு 7,380. தம்பியை பிரான்ஸுக்குப் போடச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை | ஜூன் 25, மாலை 6.02
ஜெர்மனியில் கல்விக் கட்டணம் கிடையாது சார். பிரான்ஸில் 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு மாஸ்டர் படிப்புக்கு ஆண்டுக்கு 3,770 யூரோ என்று ஏற்றிவிட்டார்களே?

டார்ம்ஸ்டாட்_பண்ருட்டி | ஜூன் 25, இரவு 7.10
இரண்டு பக்கமும் பாதி உண்மை. பிரான்ஸில் பல பல்கலைக்கழகங்கள் அந்தக் கூடுதல் கட்டணத்திலிருந்து விலக்கு தருகின்றன. ஜெர்மனியும் எல்லா இடத்திலும் இலவசம் இல்லை. பாடன் வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டருக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ. அக்கா, உங்கள் மூன்றில் இவை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி ஜூலை 15க்கு மூன்று வாரம்கூட இல்லை, இப்போது நாட்டை மாற்றச் சொல்வது நியாயம் இல்லை.

வெள்ளிக்கடற்கரை | ஜூன் 25, இரவு 8.25
எனக்கு ஒரு வருத்தம். சாதிப்பட்டம் வேண்டாம் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட மண் இது. பெயருக்குப் பின்னால் வால் இல்லாமல் மூன்று தலைமுறை வாழ்ந்துவிட்டோம். இப்போது ஒரு கட்டம் சிவப்பானதும் எல்லோரும் சர்நேம் தேடி ஓடுகிறோம். படிவத்தை அவர்கள் திருத்தட்டும்.

சுப்ரேன்_வீதி | ஜூன் 25, இரவு 8.50
சர்நேம் என்றாலே சாதி இல்லை. எங்கள் ஊரில் 1881ஆம் ஆண்டு ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறியவர்கள் ஒவ்வொருவரும் புதிதாக ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற பொன்னுத்தம்பி பிள்ளை "லப்போர்த்" என்று வைத்துக்கொண்டார். கதவு என்று பொருள். பிள்ளை போய்க் கதவு வந்தது. அந்தப் பெயர்கள் இன்றைக்கும் எங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகைகளில் வருகின்றன.

வெள்ளிக்கடற்கரை | ஜூன் 25, இரவு 9.03
இது எனக்குத் தெரியாது. ஆனால் அவர்களும் ஆட்சிக்காரனின் படிவத்துக்காகத்தானே பெயர் எடுத்தார்கள்?

சுப்ரேன்_வீதி | ஜூன் 25, இரவு 9.11
வாக்குரிமைக்காகவும் சம உரிமைக்காகவும் எடுத்தார்கள். இரண்டும் ஒன்றல்ல.

டார்ம்ஸ்டாட்_பண்ருட்டி | ஜூன் 25, இரவு 11.30
வெள்ளிக்கடற்கரை அண்ணா சொல்வது எனக்கும் மனதில் படுகிறது. ஆனால் இங்கே வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். இங்கே தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் சர்நேமைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். வந்த புதிதில் நான் என் சொந்தப் பெயரை மட்டும் ஒட்டி வைத்தேன். வங்கி அட்டை வந்து திரும்பிப் போய்விட்டது, காப்பீட்டுக் கடிதமும் போய்விட்டது. பிறகு நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு துண்டு கிழித்து, அப்பா பெயரைக் கறுப்பு ஸ்கெட்சில் எழுதி செல்லோடேப் போட்டு ஒட்டினேன். மறுவாரத்திலிருந்து தபால் ஒழுங்காக வருகிறது. பேராசிரியரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அப்பா முந்திரித் தோப்பில் கூலி வேலை பார்த்தவர், பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை அண்ணா.

வெள்ளிக்கடற்கரை | ஜூன் 26, காலை 7.15
சரி தம்பி. நன்றாகப் படியுங்கள்.

பழையவன் | ஜூன் 26, காலை 7.40
கேள்வி கேட்டவர் எங்கே?

முதுநகர்_அக்கா | ஜூன் 28, இரவு 9.20
எல்லோருக்கும் நன்றி. தம்பி போட்டோ பக்கத்தை அனுப்பினான். நான் பார்த்தது கடைசிப் பக்கம்தான். பண்ருட்டி தம்பி சொன்ன மாதிரி அடி வரியில் அப்பா பெயர் முதலில், இரட்டைக்குறி, பிறகு அவன் பெயர். ஏ.பி.எஸ். ஏப்ரலிலேயே வாங்கிவிட்டான், எனக்குத்தான் தெரியவில்லை. அதிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறது. மார்க் ஷீட் இனிஷியலுக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று முத்திரைப் பத்திரத்தில் ஆங்கிலத்தில் டைப் அடித்து, கடலூர் கோர்ட் பக்கம் நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ. தம்பி கார்டில் பணம் போகவே இல்லை. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை பேங்க் ஆப்பில் ஆன் செய்த பிறகு போனது. ஒன்று போட்டாச்சு.

நெய்வேலி_டவுன்ஷிப் | ஜூன் 28, இரவு 9.34
ரொம்ப சந்தோஷம் அக்கா. மற்ற இரண்டுக்கும் தலா 30 யூரோதான் வரும், இந்த வாரமே போட்டுவிடுங்கள். அந்தப் பத்திரத்தை விண்ணப்பத்தோடு ஏற்றினீர்களா, இல்லை கையில் வைத்திருக்கிறீர்களா?

டார்ம்ஸ்டாட்_பண்ருட்டி | ஜூலை 3, இரவு 12.15
அக்கா, மற்ற இரண்டும் போட்டாச்சா?