ரோஜாப் பள்ளத்தாக்கில் அஸ்தமன நடை: கைடு தேவையா, தண்டச்செலவா?

புதுச்செருப்பு
வணக்கம். அக்டோபர் நடுவில் துருக்கி போகிறோம். நான், மனைவி, அறுபத்துநாலு வயது அப்பா. அங்கே கப்படோக்கியா என்கிற பாறைப் பள்ளத்தாக்குப் பகுதியில் மூன்று ராத்திரி, தங்குவது கோரேமே ஊரில். பலூன் பற்றி வேறு இழையில் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருக்கிறீர்கள், அதைக் கேட்கவில்லை. விடுதியில் "ரோஜாப் பள்ளத்தாக்கு, சிவப்புப் பள்ளத்தாக்கு அஸ்தமன நடை" என்று ஒன்று விற்கிறார்கள். மத்தியானம் மூன்றரைக்குக் கிளம்பி, கைடோடு ஆறு கிலோமீட்டர் நடந்து, நடுவில் மூன்று குடைவரைத் தேவாலயங்களைப் பார்த்து, முகட்டில் சூரியன் மறைவதையும் பார்த்துவிட்டு வண்டியில் திரும்புவது. தலைக்கு முப்பத்தைந்து யூரோ. மூன்று பேருக்கு நூற்றைந்து! சும்மா நடக்கிற காட்டில் கூட ஒருத்தர் வருவதற்கு இவ்வளவா? போனவர்கள் சொல்லுங்கள்.

சில்லறைக்கணக்கு
தண்டம். போனில் மேப்பை முன்னாடியே இறக்கி வெச்சுக்குங்க, அவ்வளவுதான் வேலை. சாவுஷின் கிராமத்திலிருந்து (பேரைக் கேட்டு அப்பா பயப்பட வேண்டாம்) குல்லுதெரேக்குள்ள நுழைஞ்சா பாதை தானா கூட்டிட்டுப் போகும். குல்லுதெரேன்னா ரோஜாப் பள்ளத்தாக்கு. அது முடியற இடத்துல கிஸில்சுக்குர், அதுதான் சிவப்பு. மேல ஒர்தாஹிசார் பக்கத்து முகட்டுல அஸ்தமனம் பார்க்கிற இடம். அங்க காரே போகுது, உள்ளே விட ஒரு சின்னக் கட்டணம் வாங்குவாங்க. நடக்க முடியாட்டி அப்பாவை டாக்சியில அங்க இறக்கிடுங்க. நூற்றைந்து யூரோவுக்கு மூணு நாள் மூணு பேரும் நல்லா சாப்பிடலாம்.

குடைவரைப்பித்தன்
சில்லறை சார் பாதையைச் சொன்னார், தேவாலயத்தைச் சொல்லவே இல்லை. அங்கே நீங்கள் நினைக்கிற மாதிரி கோபுரமோ மணியோ சிலுவை வைத்த வாசலோ எதுவும் கிடையாது. பாறை முழுக்க ஓட்டை. ஒரு ஓட்டை புறாக்கூடு, ஒன்று பழைய வீடு, ஒன்று வெறும் களஞ்சியம், ஒன்று ஆயிரம் வருஷத்துத் தேவாலயம். வெளியிலிருந்து பார்த்தால் நாலும் ஒன்றுதான்.

கொலொன்லு கிலிசே என்று ஒன்று இருக்கிறது, "தூண் கோயில்". இருட்டு வாசலில் குனிந்து நுழைந்து மேலே ஏறினால் திடீரென்று வெள்ளை வெளேரென்று உயரமான கூடம், தூண்கள், வளைவுகள். எதையும் கட்டவில்லை, எல்லாம் குடைந்தது. மேலிருந்து கீழாகப் பாறையை வெட்டி எடுத்துவிட்டு, தூண் நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் கல்லை விட்டிருக்கிறார்கள். ஆகவே தூண் எதையும் தாங்கவில்லை. இந்த வட்டாரத்தில் சில தேவாலயங்களில் தூணின் கீழ்ப்பாதி உடைந்து போயிருக்கும், மேல்பாதி கூரையிலிருந்து பல்லு மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். கூரைக்கு ஒன்றும் ஆகாது. நான் அதைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் நகரவில்லை.

அந்த ஓட்டையை நானாகத் தேடியிருந்தால் தாண்டிப் போயிருப்பேன். ஒரு ஜெர்மன் ஜோடி தாண்டித்தான் போனது, கண்ணால் பார்த்தேன்.

டீக்கடை_பெஞ்சு
ஓட்டைக்கு முப்பத்தைந்து யூரோ. எங்க ஊர் ரோட்டுல இலவசம்.

நிழல்மானி
ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. அஸ்தமனமும் தேவாலயமும் ஒரே நடையில சேராது. நான் படம் எடுக்கிறவள், அதனால வெளிச்சக் கணக்கு சொல்றேன். அக்டோபர் நடுவில அங்க சூரியன் மறையறது சாயங்காலம் ஆறு மணியை ஒட்டி. அந்தப் பாறை நிறம் மாறுற கடைசி அரைமணிக்கு முகட்டுல இருக்கணும்னா கைடு உங்களை நாலரையிலிருந்தே விரட்டுவார். நான் போன குழுவில பதினாலு பேர். ஹாச்லி கோயில்ல எங்களுக்குக் கிடைச்சது எட்டு நிமிஷம். கூரை முழுக்க ஒரே பெரிய சிலுவையைப் புடைப்பா செதுக்கியிருக்காங்க, அதை எல்லாரும் பார்த்தாங்க. பீடத்துக்கு மேல வளைவுல இருக்கிற ஓவியத்தை யாரும் பார்க்கலை, இருட்டு. பதினாலு போன் டார்ச் அடிச்சா ஓவியம் தெரியாது, டார்ச்தான் தெரியும்.

தேவாலயம் வேணும்னா காலையில போங்க. அஸ்தமனம் வேணும்னா சும்மா முகட்டுல போய் உட்காருங்க. ரெண்டையும் சேர்த்து விக்கிறது ஒரே வண்டியில ரெண்டு டிக்கெட் விக்கிற வேலை.

குடைவரைப்பித்தன்
நிழல்மானி மேடம், குழுவின் அளவைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அது கைடின் குற்றமில்லை, பதினாலு பேரை ஏற்றுகிறவர்களின் குற்றம். ஆறு பேருக்கு மேல் சேர்க்காதவர்களும் இருக்கிறார்கள்.

தீவான்
நானும் மனிசியும் ரெண்டு வருசத்துக்கு முந்தி கைடு இல்லாமல்தான் போனனாங்கள். சில்லறைக்கணக்கு அண்ணை சொன்ன அதே வழி. போகேக்க ஒரு பிரச்சினையும் இல்லை. முந்திரிகைத் தோட்டம், அப்ரிகாட் மரம், வழியில ஒரு சின்னக் கடையில மாதுளம் ஜூஸ். பொழுது படுறது சரியான வடிவு. பாறை முதல்ல மஞ்சள், பிறகு செம்மஞ்சள், கடைசியா இறைச்சி நிறம்.

திரும்பி வரேக்கதான் பிரச்சினை. டாக்சிக்குக் காசு குடுக்கிறதோ எண்டு வந்த வழியாலேயே இறங்கினம். அரை மணித்தியாலத்தில கும்மிருட்டு. போனில சார்ஜ் ஒன்பது வீதம். மேப்பில கோடு ஒண்டு, காலுக்குக் கீழ மூண்டு பாதை. நாங்கள் பிடிச்சது பாதை இல்லை, மழைத்தண்ணி அரிச்ச வாய்க்கால். அது போய் ரெண்டாள் உயரச் செங்குத்து இறக்கத்தில முடிஞ்சுது. அந்தக் கல்லு பொடிப்பொடியா உதிரும், சப்பாத்து வழுக்கும். மனிசி அதிலயே இருந்திட்டா, நான் வரேல்லை எண்டு.

கோரேமேயில இருந்து நாயொண்டு எங்களுக்குப் பின்னால வந்தது. அதுக்கு வழி தெரியும் எண்டு நம்பி அதுக்குப் பின்னால போனம். அது தனக்குச் சாப்பாடு போட்ட ஜூஸ் கடைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனது. கடை பூட்டு. கடைசியில முகட்டில கார் லைற்றுகளைப் பாத்துப் பாத்துத் திரும்ப மேல ஏறி, அதே டாக்சியில, ரெண்டு மடங்கு காசுக்கு.

சில்லறைக்கணக்கு
அண்ணே, அது கைடு இல்லாததால வந்த வினை இல்ல. டார்ச் இல்லாததால வந்தது. தலையில கட்டுற டார்ச் ஒண்ணு, பவர் பேங்க் ஒண்ணு. முடிஞ்சது.

இன்னொண்ணு, கைடு கைடுன்னு புகழறாங்களே, என்ன கதை சொல்றாங்கன்னு கேட்டீங்களா? எங்களை ஒரு தடவை விடுதிக்காரர் தம்பியோட அனுப்பினாங்க. அவர் சொன்ன கதை: ரோமானியப் படை துரத்துச்சாம், ஆதிக் கிறிஸ்தவர்கள் ஓடிவந்து இந்தக் குகையில ஒளிஞ்சு, ராத்திரியோட ராத்திரியா கோயில் குடைஞ்சாங்களாம். சுவருல பேர் கிறுக்கியிருக்கிறதுக்கும் ஒரு கதை. எல்லாம் கதை.

குடைவரைப்பித்தன்
இந்த ஒரு விஷயத்தில் சில்லறை சாரோடு நூறு சதம் ஒத்துப்போகிறேன். அந்த "ஒளிந்து குடைந்த" கதை கணக்கிலேயே நிற்காது. ரோமப் பேரரசில் கிறிஸ்தவத்துக்குத் தடை நீங்கியது 313இல். இந்தப் பள்ளத்தாக்குகளில் நாம் பார்க்கிற ஓவியத் தேவாலயங்களில் பெரும்பாலானவை 10, 11ஆம் நூற்றாண்டு. நடுவில் அறுநூறு வருஷம் இருக்கிறது. குல்லுதெரேயிலேயே ஐவாலி கோயிலை 913க்கும் 920க்கும் இடைப்பட்டது என்று கல்வெட்டை வைத்துச் சொல்கிறார்கள். அப்போது ஆட்சியே பைசாந்தியக் கிறிஸ்தவப் பேரரசு, யாருக்குப் பயந்து ஒளிவது?

சாவுஷின் சாலையோரத் தேவாலயத்தில் பேரரசர் நிக்கெபோரோஸ் போக்காஸின் உருவமே வரைந்திருக்கிறது. அவர் ஆண்டது 963 முதல் 969 வரை. ஒளிந்து வாழ்கிறவன் ராஜா படத்தையா வரைவான்? ஒளிந்துகொண்டது உண்மைதான், அது வேறு இடம், வேறு காலம். 7ஆம் நூற்றாண்டிலிருந்து அரபுப் படையெடுப்புகள் வந்தபோது தெரின்குயு மாதிரி நிலத்தடி ஊர்களில் இறங்கிக்கொண்டார்கள். இரண்டையும் குழைத்து ஒரே உருண்டையாக ஊட்டிவிடுகிறார்கள்.

ஆனால் உங்களோடு வந்தவர் கைடே இல்லை, விடுதிக்காரர் தம்பி. துருக்கியில் கைடு வேலைக்கு உரிமம் கட்டாயம், 2012இல் தனிச் சட்டமே போட்டார்கள். கழுத்தில் அட்டை தொங்கும். அட்டையைக் கேளுங்கள்.

டீக்கடை_பெஞ்சு
அட்டை இருந்தா மட்டும் கதை மாறிடுமா? தாஜ்மகால்ல அட்டை மாட்டினவர்தான் எனக்கு, கட்டினவங்க கையை ஷாஜகான் வெட்டின கதையைச் சொன்னாரு.

நிழல்மானி
பெஞ்சு சொல்றதுல நியாயம் இருக்கு. எனக்கு வந்தவர் அட்டைக்காரர், அவரும் அதே ரோமானியக் கதைதான் சொன்னார். ஆனா அவர் சொன்ன ஒண்ணு மட்டும் இன்னும் மறக்கலை. புறாக்கூடு விஷயம். கிரீஸும் துருக்கியும் 1923ல பண்ணிக்கிட்ட மக்கள் பரிமாற்றத்துல இங்க இருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் ஊரை விட்டுப் போனாங்க, ஆனா அதுக்கு ரொம்ப முன்னாலேயே பல தேவாலயங்களில பூசை நின்னு போச்சு. விவசாயிகள் வாசலைக் கல் வெச்சு அடைச்சு, புறா நுழைய மட்டும் சின்னச் சின்ன ஓட்டை விட்டாங்க. பறவைக்கு அடையாளம் தெரிய ஓட்டையைச் சுத்தி வெள்ளை பூசினாங்க. எச்சத்தை எப்பவாவது திறந்து அள்ளித் திராட்சைத் தோட்டத்துக்கு எருவாப் போடுவாங்க. அடைச்சதால வெளிச்சமும் போகலை, ஆளும் போகலை. அதான் உள்ள சாயம் அப்படியே இருக்கு. சாவுஷின்ல அந்த ராஜா படம் இருக்கிற கோயிலுக்கே புறாக்கூட்டுக் கோயில்னுதான் பேரு.

இந்தத் தகவல் எந்த மேப்பிலயும் இல்ல. ஆனா கோரேமேயில ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து படிச்சா கிடைக்கும். அதுக்கு முப்பத்தைந்து யூரோ குடுக்கணுமாங்கறதுதான் கேள்வி.

சில்லறைக்கணக்கு
அதைத்தான் இப்ப இலவசமா சொல்லிட்டீங்களே மேடம். புதுச்செருப்பு சார், நூற்றைந்து யூரோ மிச்சம்.

குடைவரைப்பித்தன்
மிச்சமாகட்டும். அந்தப் பணத்தில் கோரேமே திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குள் "இருட்டுக் கோயில்" இருக்கிறது, கரான்லிக் கிலிசே, அதற்குத் தனி டிக்கெட். அதையாவது எடுங்கள். ஒரே ஒரு சின்னச் சன்னல்தான், வெயில் படாததால் நீலம் நேற்று அடித்த மாதிரி இருக்கும். அங்கேயும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சில்லறைக்கணக்கு
அதை எடுக்க வேண்டாம்னு எங்க சொன்னேன்? கல்லுக்குக் காசு குடுக்கலாம். கூட நடக்கிறவனுக்கு எதுக்குன்னுதான் கேக்கறேன்.

தீவான்
கூட நடக்கிறவன் இருந்திருந்தா என்ர மனிசி ஒரு கிழமை என்னோட கதைக்காமல் இருந்திருக்க மாட்டா. அந்தக் கணக்கையும் சேருங்கோ.

புதுச்செருப்பு
எல்லோருக்கும் நன்றி. என்ன முடிவு செய்வதென்று இன்னும் குழப்பம்தான். அப்பா கொத்தனார் வேலை பார்த்தவர், ஏறி இறங்குவது பிரச்சினையில்லை. போய் வந்து எழுதுகிறேன்.

*(ஐந்து வாரம் கழித்து)*

புதுச்செருப்பு
போய் வந்தோம். கடைசியில் கைடு எடுத்தோம், அட்டை பார்த்து, ஏழு பேர் குழுவில். (செருப்பு புதுசு இல்லை, பழைய ஷூ. பேரை மாற்ற வேண்டும்.)

குடைவரைப்பித்தன் சொன்ன தூண் கோயிலுக்குள் போனதும் அப்பா நேராகத் தூணுக்குப் போனார். யாரும் பார்க்காத நேரம் கட்டைவிரல் நகத்தால் அடியில் ஒரு கீறு. மாவு மாதிரி கொட்டியது. "இதைக் கல்லுன்னு சொல்றானுங்களா, எரிமலைச் சாம்பல் இறுகினது, சுண்ணாம்புக் காரை கூட இதை விடக் கெட்டி" என்றார். கைடு பார்த்துவிட்டார். கத்தவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து வாசல் பக்கச் சுவருக்குக் கூட்டிப்போய் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். நேராக அடித்தபோது வெறும் சுவராக இருந்தது. சாய்த்துப் பிடித்ததும் பேர்கள், பேர்கள், இதயம், அம்பு, மறுபடி பேர்கள். அப்பா கையை வேட்டியில் துடைப்பது மாதிரி பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். அப்புறம் அதே சாய்ந்த வெளிச்சத்தில் உளித்தடங்களைக் காட்டினார் கைடு. அதோடு போச்சு. எந்தத் தடம் கூர் உளி, எது பட்டை உளி, வெட்டியவன் வலக்கையா இடக்கையா என்று அப்பா ஆரம்பித்துவிட்டார். கைடு கேட்க, நான் மொழிபெயர்க்க, முக்கால் மணிநேரம். மற்ற நாலு பேரும் கடுப்பாகி வெளியே போய்விட்டார்கள்.

ரோமானியக் கதையும் சொன்னார் கைடு. 313 என்றேன். சிரித்துவிட்டு, "அதைச் சொன்னால்தான் டிப்ஸ் வருகிறது" என்றார்.

சில்லறைக்கணக்கு
அஸ்தமனம்?

புதுச்செருப்பு
மேகம்.

டீக்கடை_பெஞ்சு
😂😂😂 நூற்றைந்து யூரோ!

நிழல்மானி
அப்பாவுக்கு என் வணக்கம். சாய்ந்த வெளிச்சத்தை அவருக்குக் காட்டின அந்த கைடுக்கும். காலையில திரும்பப் போனீங்களா?

புதுச்செருப்பு
போனோம் மேடம், மறுநாள் எட்டு மணிக்கு. அப்பாதான் பிடிவாதம். கைடு இல்லாமல், மேப்பை வைத்துக்கொண்டு. அந்த ஓட்டையைத் திரும்பக் கண்டுபிடிக்க நாற்பது நிமிஷம் ஆனது.

சில்லறைக்கணக்கு
கண்டுபிடிச்சீங்கல்ல.

குடைவரைப்பித்தன்
முந்தின நாள் ஒருத்தர் காட்டியதால்.