சொந்தங்க குழு: 4.8 ஸ்டார் கேமைப் போடலாமா?

கொட்டகலை சித்தி: சின்னவனுக்கு லீவு விட்டாச்சு. கேம் ஒன்னு போட்டுத் தாங்கன்னு காலையில இருந்து பின்னாலயே நிக்கிறான். பிளே ஸ்டோர்ல பசில் கேம் ஒன்னு 4.8 ஸ்டார் காட்டுது, இன்னொன்னு 4.3. 4.8ஐயே போட்டுறவா?

ஹட்டன் அண்ணன்: பொறுங்க சித்தி. அந்த நம்பருக்குக் கீழ எத்தனை ரிவியூன்னு எழுதியிருக்கும். ரெண்டுக்கும் பாத்துச் சொல்லுங்க.

கொட்டகலை சித்தி: 4.8க்கு 61தான் இருக்கு. 4.3க்கு 2 லட்சத்துக்கு மேல.

ஹட்டன் அண்ணன்: அப்ப 4.8ஐ நம்பி எடுக்க வேணாம். 61 பேருன்னா கேம் செஞ்சவரோட கூட்டாளிமாரும் சொந்தக்காரங்களும் சேந்தாலே வந்துரும். நான் போடுற கணக்கு இதுதான்: கொஞ்சப் பேரோட நம்பர் ஏமாத்தாம இருக்க, எந்த கேமா இருந்தாலும் 4 ஸ்டார் போட்ட 100 பேர கூடுதலா சேத்துப் பாக்கிறது. 4.8 × 61 = 292.8. அதோட 4 × 100 = 400. மொத்தம் 692.8, அத 161ஆல பிரிச்சா 4.3. மத்த கேமுக்கு 2 லட்சம் பேர் இருக்கிறதால 100 பேர சேத்தாலும் 4.3 அசையாது. ரெண்டும் ஒரே இடத்துல வந்து நிக்குது. ஆனா ஒன்ன 2 லட்சம் பேர் பாத்திருக்காங்க.

மஸ்கெலியா மாமா: அப்ப ஆள் கூடுனத எடுத்தா முடிஞ்சுதே?

பண்டாரவளை அக்கா: இல்ல மாமா, அது முதல் படிதான். ஸ்டாருங்கிறது சராசரி. வகுப்புல நான் கரும்பலகையில போட்டுக் காட்டுற கணக்கையே இங்க போடுறேன். 100 பேர்னு வச்சுக்குங்க.

கேம் அ: 80 பேர் 5 ஸ்டார், 20 பேர் 1 ஸ்டார். 400 + 20 = 420. சராசரி 4.2.

கேம் ஆ: 40 பேர் 5, 45 பேர் 4, 10 பேர் 3, 5 பேர் 2. 200 + 180 + 30 + 10 = 420. இதுவும் 4.2.

கேம் ‘ஆ’வுல ஒருத்தர் கூட 1 போடல. கேம் ‘அ’வுல அஞ்சுல ஒருத்தர் கடுப்பாகி 1 போட்டுட்டுப் போயிருக்கார். வெளியில ரெண்டும் 4.2ன்னுதான் தெரியும்.

கொட்டகலை சித்தி: அத எங்க பாக்கிறது மகள்?

பண்டாரவளை அக்கா: கேம் பக்கத்துல கீழ இறங்குனா ‘ரேட்டிங்ஸ் அண்ட் ரிவியூஸ்’னு இருக்கும் சித்தி. அதுல உள்ள அம்புக்குறிய தட்டுங்க. 5ல இருந்து 1 வரைக்கும் அஞ்சு கோடு வரும். எண்ண வேணாம், நீளத்த கண்ணால பாத்தாலே போதும். மேல நீளமா தொடங்கி படிப்படியா குறைஞ்சா நல்லது. 4, 3, 2 எல்லாம் குட்டையா இருந்து கடைசி 1 மட்டும் திரும்ப நீண்டிருந்தா, அந்த கேம் குறிப்பிட்ட சில ஆட்களுக்கு ஏதோ தொல்லை குடுக்குது. அது என்னன்னு ரிவியூவுலதான் தெரியும்.

நுவரெலியா தம்பி: பெரும்பாலும் விளம்பரம். இல்லாட்டி அப்டேட்டுக்குப் பிறகு கேம் தொறக்கிறதே இல்ல. இல்லாட்டி சேவ் பண்ணுனது எல்லாம் அழிஞ்சு போயிருது.

ஹட்டன் அண்ணன்: ரிவியூ வாசிக்கிறப்ப முதல்ல வரிசைய மாத்துங்க. ‘மோஸ்ட் ரெலவன்ட்’னு இருக்கும், அத தட்டி ‘நியூவஸ்ட்’ ஆக்குங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி எழுதுன நல்ல வார்த்தை இன்னைக்கு இருக்கிற கேமுக்குப் பொருந்தாது. கேம வேற கம்பனி வாங்குனா உள்ள முழுக்க மாறியிருக்கலாம். ஸ்டார் சராசரியும் இப்ப புது ரேட்டிங்குக்கு கூடுதல் எடை குடுத்துத்தான் வருது, 2019 ஆகஸ்ட்ல கூகுள் அப்படி மாத்துச்சு. அதனால பழைய பேர வச்சு ரொம்ப நாள் ஓட்ட முடியாது. ஆனாலும் ஒரு மோசமான அப்டேட் சராசரிய இறக்க கொஞ்ச நாள் எடுக்கும். நியூவஸ்ட்ல அன்னைக்கே தெரிஞ்சுரும்.

ஹட்டன் அண்ணன்: அடுத்தது, ஸ்டார் வடிகட்டியில 3ஐ தட்டி ஒரு 10, 2ஐ தட்டி ஒரு 10 வாசிங்க. 5 போட்டவர் ‘சூப்பர்’னு எழுதிட்டுப் போயிருவார். 1 போட்டவர் கோவத்துல இருப்பார். 3 போட்டவர்தான் நல்லதையும் கெட்டதையும் ரெண்டையும் சொல்றவர்.

மஸ்கெலியா மாமா: லூடோவுல தாயம் விழலன்னு 1 ஸ்டார் போட்டிருக்கானுங்க. அத எப்படி எடுக்கிறது?

பண்டாரவளை அக்கா: அத ஒதுக்கிருங்க மாமா. தோத்த கோவம் வேற, கேம் பழுது வேற. ஒரே நாள்ல 30 பேர் ‘லாகின் ஆகல’ன்னு எழுதி அடுத்த வாரம் அந்தப் பேச்சே இல்லன்னா, அன்னைக்கு சேர்வர் படுத்திருக்கும், அவ்வளவுதான். மாசக்கணக்கா அதே குறை வேற வேற வார்த்தையில வந்துக்கிட்டே இருந்தா அது உண்மையான பழுது. வார்த்தை கூட மாறாம வந்தா அத நம்பாதீங்க. ஒரே திகதியில வரிசையா ‘நைஸ் கேம்’, ‘வெரி குட்’னு நின்னா காசுக்கு எழுதுனதா இருக்கலாம்.

நுவரெலியா தம்பி: இன்னொன்னு. 5வது லெவல் ஜெயிச்ச உடனே நட்சத்திரம் எல்லாம் மின்னிட்டு, ரேட்டிங் பெட்டி வந்து நிக்கும். அந்த நேரத்துல யாரும் 5 தான் போடுவாங்க. பல கேம்ல விளம்பரம் கூடுறதும் காசு கேக்கிறதும் போகப் போகத்தான். அதனால மேல காட்டுற ஸ்டார்ல ஒரு பங்கு, தொடக்கத்துல ஆடுன கொஞ்ச நேரத்துக்குக் குடுத்த ஸ்டாரா இருக்கலாம். ரிவியூவுல லெவல் நம்பரோட எழுதுனவங்கள தேடிப் பிடிச்சு வாசிக்கணும். ‘60வது லெவல்ல காசில்லாம போக முடியல’ன்னு நாலு பேர் எழுதியிருந்தா அங்க ஒரு சுவர் கட்டி வச்சிருக்காங்க.

ஹட்டன் அண்ணன்: சரியா சொன்னான். ‘5 ஸ்டார் போட்டா 500 காயின்’னு கேக்கிற கேம உடனே கழட்டிருங்க. ரேட்டிங்குக்கு பரிசு குடுக்கிறது பிளே ஸ்டோர் விதிக்கே எதிரானது. ‘கேம் பிடிச்சிருக்கா?’ன்னு முதல்ல கேட்டு, ஆமான்னவங்கள மட்டும் ஸ்டாருக்கு அனுப்புறதும் அதே வேலைதான்.

கொட்டகலை சித்தி: கோத்தகிரி பெரியம்மா வீட்டு புள்ள அனுப்புன ஸ்கிரீன்ஷாட்ல இதே கேமுக்கு 4.6 காட்டுதே. எனக்கு 4.3. எனக்கு வேற கேமா வந்திருக்கு?

பண்டாரவளை அக்கா: கேம் ஒன்னுதான் சித்தி. 2021 நவம்பர்ல இருந்து பிளே ஸ்டோர் அவங்கவங்க நாட்டு ஆட்கள் போட்ட ரேட்டிங்கத்தான் காட்டுது. பிறகு போனுக்கு வேற, டேப்லட்டுக்கு வேறன்னும் பிரிச்சாங்க. அவங்களுக்கு இந்தியா கணக்கு, உங்களுக்கு இலங்கை கணக்கு. உங்களுக்கு உங்க நம்பர்தான் உதவும்.

நுவரெலியா தம்பி: ஐபோன்லயும் நாட்டுக்கு நாடு வேறதான். அதுல இன்னொரு விசயம், புது வெர்ஷன் விடுறப்ப மொத்த ரேட்டிங்கையும் அழிச்சு முதல்ல இருந்து தொடங்க செஞ்சவங்களுக்கு அனுமதி இருக்கு. பல வருசமா இருக்கிற பெரிய கேமுக்கு திடீர்னு கொஞ்சப் பேர் ரேட்டிங் மட்டும் தெரிஞ்சா ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யப் பாக்கணும்.

மஸ்கெலியா மாமா: தேடுனா முதல்ல வர்றது நல்லதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

ஹட்டன் அண்ணன்: முதல்ல வர்றதுல ‘ஸ்பொன்சர்ட்’னு சின்னதா எழுதியிருந்தா அது காசு குடுத்து வாங்குன இடம் மாமா. ‘டொப் ஃப்ரீ’ வரிசையும் எத்தனை பேர் இறக்குறாங்கங்கிறத வச்சு வர்றது, தரத்த வச்சு இல்ல.

பண்டாரவளை அக்கா: சித்தி, ‘3+’னு இருக்கிறத தரம்னு எடுத்துறாதீங்க. அது வயசுக்கு மட்டும். கேம் நல்லதா, விளம்பரம் எத்தனை வரும்னு அது சொல்லாது. இன்ஸ்டோல் பொத்தானுக்குக் கிட்ட ‘கன்டெய்ன்ஸ் ஏட்ஸ்’, ‘இன்-ஏப் பர்ச்சேஸஸ்’னு ரெண்டு வரி இருக்கா பாருங்க. ‘அபவுட் திஸ் கேம்’ல போய் அடி வரைக்கும் இறங்குனா, உள்ள விக்கிற சாமானோட ஆகக் குறைஞ்ச விலையும் ஆகக் கூடுன விலையும் இருக்கும். சின்னப் புள்ள கேம்ல மேல் விலை ஆயிரக்கணக்குல போனா வேணாம். கடைசியா அப்டேட் பண்ணுன திகதியும் அங்கதான் இருக்கு. ரெண்டு வருசமா தொடாத கேம் புது போன்ல நின்னு போகலாம்.

கொட்டகலை சித்தி: எங்க போன் 3 ஜீபி ரேம், இடமும் குறைவு. தோட்டத்து லயத்து வீட்டுல சிக்னல் வாசல்ல நின்னாத்தான் வருது. அதையும் ரேட்டிங் சொல்லுமா?

ஹட்டன் அண்ணன்: ஸ்டார் சொல்லாது சித்தி, ரிவியூ சொல்லும். ‘ஸ்லோ’, ‘ஹேங்’, ‘ஹீட்’னு எழுதுனவங்க என்ன போன்னு சேத்து எழுதியிருந்தா பாருங்க. உங்க போன் மாதிரி குறைஞ்ச ரேம்ல ஓடலன்னு ரெண்டு மூனு பேர் சொன்னா விட்டுருங்க. அளவும் ஏமாத்தும். ஸ்டோர்ல 120 எம்பின்னு இருக்கும், தொறந்த உடனே இன்னும் நூத்துக்கணக்கான எம்பி உள்ள இறக்கும். அந்த வேலைய வைஃபை இருக்கிற இடத்துல செஞ்சுருங்க, ரீலோட் போட்ட டேட்டாவுல வேணாம். ஒரு தடவ முழுசா இறங்குனதும் போன் செட்டிங்ஸ்ல ஏப்ஸுக்குப் போய் ஸ்டோரேஜப் பாத்தா உண்மையான அளவு தெரியும்.

நுவரெலியா தம்பி: சிக்னலுக்கு ஒரு சோதனை இருக்கு சித்தி. கேம் பேருக்குக் கீழ ‘ஒஃப்லைன்’னு போட்டிருந்தாலும் நம்பாம, ஏரோப்ளேன் மோட் போட்டு, கேம முழுசா மூடிட்டுத் திரும்ப தொறங்க. மூனு லெவல் ஆடிப் பாருங்க. தொறக்கும்போதே ‘நோ கனெக்ஷன்’னு நின்னா அது லயத்துக்கு சரிவராது. ஆடுச்சுன்னா இன்னொரு லாபம், டேட்டா இல்லாதப்ப புது விளம்பரமும் வராது.

மஸ்கெலியா மாமா: பேர் சொல்லுங்கப்பா, எந்த கேம்னு.

பண்டாரவளை அக்கா: சின்னவனுக்கு ‘சைமன் டேத்தம்ஸ் பசில்ஸ்’. பாக்க அழகா இருக்காது, ஆனா உள்ள பல வகை மூளை வேலை இருக்கு. விளம்பரமும் இல்ல, காசும் கேக்காது, நெட்டும் வேணாம், அளவும் சின்னது. மாமாவுக்கு ‘லிசெஸ்’. செஸ்தான். அதுவும் முழுக்க இலவசம், விளம்பரமே இல்ல. நெட் இல்லாட்டியும் போனையே எதிராளியா வச்சு ஆடலாம்.

நுவரெலியா தம்பி: எல்லாரும் சேந்து ஆட ‘லூடோ கிங்’. விளம்பரம் வரும், ஆனா ஒரே போன கை மாத்தி ஆடுற வழி இருக்கு, அதுக்கு நெட் வேணாம். கொஞ்சம் பெரிய புள்ளைங்களுக்கு ‘ஷேட்டர்ட் பிக்சல் டஞ்சன்’. செத்தா முதல்ல இருந்துதான் தொடங்கணும், அது கேமோட குணம். அதுக்குப் போய் 1 ஸ்டார் போட்டிருப்பாங்க, அத கணக்குல எடுக்காதீங்க.

ஹட்டன் அண்ணன்: போன சின்னவன் கையில குடுக்கிறதுக்கு முந்தி ஒரு வேலை சித்தி. பிளே ஸ்டோர்ல உங்க படத்த தட்டி செட்டிங்ஸுக்குள்ள போங்க. பர்ச்சேஸ் பத்தின இடத்துல, ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் இல்லாட்டி கைரேகை கேக்கிற மாதிரி வைங்க. கார்ட் போட்ட போன்னா இத செய்யாம குடுக்கவே கூடாது. தெரியாம வாங்கிட்டா 48 மணித்தியாலத்துக்குள்ள கூகுள் பிளேயிலயே திருப்பிக் கேக்கலாம். நாள் கடத்தாதீங்க.

நுவரெலியா தம்பி: கூட்டாளிமார் ‘மொட்’னு, யாரோ உள்ள மாத்துன கேம ஸ்டோருக்கு வெளியில இருந்து போடுற ஏபிகே ஃபைலா அனுப்புவாங்க, அது வேணவே வேணாம். ஸ்டோர்ல இருக்கிற ரேட்டிங் அந்த ஃபைலுக்குப் போட்டது இல்ல. உள்ள என்ன சேத்திருக்காங்கன்னு பாத்துச் சொல்ல யாரும் இல்ல.

கொட்டகலை சித்தி: 4.3 கேமோட கோட்டப் பாத்தேன். 5 நீளம், 4 பாதி, 3 கொஞ்சம், 1 திரும்பவும் 3ஐ விட நீளம். நியூவஸ்ட்ல 12 வாசிச்சேன். 7 பேர் ஒவ்வொரு லெவலுக்கும் விளம்பரம் வருதுன்னு எழுதியிருக்காங்க. எல்லாம் இந்த மாசம்.

பண்டாரவளை அக்கா: அப்ப அதையும் விடுங்க சித்தி. நீங்களே சரியா கண்டுபிடிச்சுட்டீங்க.

கொட்டகலை சித்தி: பசில்ஸ போட்டாச்சு. ஏரோப்ளேன் மோட்ல நல்லா ஓடுது. இப்ப நான் 5 ஸ்டார் போட்டுறவா?

ஹட்டன் அண்ணன்: இன்னைக்கு வேணாம். ஒரு வாரம் சின்னவன் ஆடட்டும். பிறகு போன் பேரு, எத்தனை ஜீபி ரேம், நெட் இல்லாம ஓடுதா, எது சிக்குதுன்னு நாலு வரி எழுதி ஸ்டார் போடுங்க. தமிழ்லயே எழுதுங்க. பொகவந்தலாவையில இதே மாதிரி போன் வச்சிருக்கிற ஒருத்தர் நியூவஸ்ட்ட தட்டுனா உங்க நாலு வரி கண்ணுல படலாம்.